நல்ல புருஷன் என்ற பெயர்

கல்யாணமாகி ஐந்தாம் வருடம், பொன்னேரியில் நாங்கள் காட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா என் மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அடுத்த முறை வரும்போது வீட்டுக்காரரோடுதான் வர வேண்டும், அவருக்கும் பரிசோதனை செய்ய வேண்டும், நியாயமாக அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்று. அவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே இதைச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“எனக்கு இன்னாமே கேடு? ரெண்டு ஆளு இழுக்கற வலைய ஒண்டியா இழுக்கறேன். எனக்குப் போயி டெஸ்ட்டா?”

“வலைக்கும் இதுக்கும் இன்னா மாமா சம்மந்தம்? அவங்க கேக்கறாங்க. ஒரு வாட்டி குடுத்துட்டு வந்துடேன்.”

அதுவரை எல்லாப் பரிசோதனையும் அவளுக்குத்தான். ரத்தம், ஸ்கேன், கர்ப்பப்பைக் குழாயில் மருந்து ஏற்றி எடுக்கும் படம். அந்தப் படம் எடுத்த அன்று, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் கொடுத்துவிட்டு வருவதற்கு எனக்கு அவ்வளவு ரோஷம். இன்று நினைத்தால் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எங்கள் ஊர், ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்மேட்டில் இருக்கிறது. படகில் பழவேற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து பொன்னேரிக்கு பஸ் பிடிக்க வேண்டும். பரிசோதனை செய்யும் இடம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. அந்த மார்க்கெட்டில் மீன் விற்பவர்களில் பாதிப் பேர் எங்கள் பக்கத்துப் பெண்கள்தான். என்னைப் பார்த்தால், எதற்கு வந்தாய் என்று நின்று விசாரிப்பார்கள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திருடன் மாதிரி படியேறினேன்.

மேலே ஒரு பெண் டப்பாவைக் கையில் கொடுத்து, கோடியில் இருந்த பாத்ரூமைக் காட்டியது. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பேர் பார்க்க உள்ளே போய், இவ்வளவு பேர் பார்க்க வெளியே வர என்னால் முடியாது. வீட்டிலிருந்து கொண்டுவந்து தரலாமா என்று கேட்டேன். தரலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று ஆரம்பித்தது. அதற்குள் நான் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்தப் பெண் படி வரை வந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கூச்சத்தில் நான் திரும்பவில்லை.

நான் செய்த கூத்தை இப்போது கேளுங்கள். ஒரு பொருள் கெடக்கூடாது என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். ஐஸ். வலையிலிருந்து எடுத்த இறால் உடனே ஐஸில் விழ வேண்டும், இல்லாவிட்டால் தலை கறுத்துவிடும், வியாபாரி தொடக்கூட மாட்டான். சின்ன வயதிலிருந்து இதையே பார்த்து வளர்ந்தவன் நான். இரண்டு நாள் கழித்து, காலையில் டப்பாவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரப்பர் பேண்டு சுற்றி, ஒரு சின்ன தெர்மாகோல் பெட்டியில் கீழே ஐஸ், மேலே ஐஸ் என்று பரப்பி, மூடி டேப் ஒட்டினேன். என் மனைவி நின்று பார்த்தாள்.

“ஐஸு வெக்கச் சொன்னாங்களா?”

“போயி சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவும். அதுக்குள்ள கெட்டுப்போச்சுனா?”

அவளுக்கும் அது சரியென்று பட்டது. அவளும் மீன்காரி வீட்டுப் பெண்தானே. படகில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். பஸ்ஸில் கண்டக்டர், எறாவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அன்று பரிசோதனை செய்தவர் கண்ணாடி போட்ட வயதான ஒருவர். டேப்பைக் கிழித்து, ஐஸுக்குள் கையை விட்டுத் துழாவி, டப்பாவை எடுத்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா தம்பி இது? எறாவ ஏத்துமதிக்குக் கொண்டாந்தியா?”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

“இது உயிருபா. உடம்பு சூட்டுலயே எடுத்தாரணும். சட்டைக்குள்ள வெச்சுக்கினு வந்திருந்தாலே போதும். எதுக்கும் இரு, பாத்துட்டு சொல்றேன்.”

அரை மணி நேரம் கழித்து என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறந்தது இல்லை.

“ஐஸுல வெச்சதால அசைவு எல்லாம் போச்சு. அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா எண்ணிக்கைனு ஒண்ணு கீது தம்பி. ஐஸு எண்ணிக்கைய கொறைக்காது. உனக்கு எண்ணிக்கையே ரொம்பக் கம்மியாத் தெரியுது. நாலு நாளு விட்டு வந்து இங்கயே குடு, சரியாப் பாத்து எழுதித் தரேன். பயப்படாத, இதுக்கெல்லாம் வைத்தியம் கீது.”

தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ் பழவேற்காடு வந்து சேருவதற்குள் அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, மறு பாதியை விழுங்கிவிட்டேன்.

வீட்டில் என் மனைவியிடம் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொன்னேன். கண்டக்டர் கேட்டது, பெரியவர் ஐஸில் கை விட்டுத் துழாவியது, ஏற்றுமதி என்றது எல்லாம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அவள் சிரிப்பு அடங்கியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“அப்போ ஐஸுதான் காரணமா? வேற ஒண்ணும் சொல்லலியா?”

“வேற ஒண்ணும் இல்ல” என்றேன்.

அம்மா பக்கத்து வீட்டில் தம்பியோடு இருந்தாள். டெஸ்ட் என்ன ஆயிற்று என்று அவள் கேட்டபோது இன்னும் ஒரு படி மேலே போனேன். எடுத்தாயிற்று, எனக்கு ஒரு குறையும் இல்லையாம் என்றேன். அம்மா அன்று சாயங்காலமே, இறால் தரம் பிரிக்கும் கொட்டகையில் எல்லோரிடமும் அதைச் சொல்லிவிட்டாள். பையனுக்கு ஒன்றும் இல்லை என்றால் குறை யாருக்கு என்று எவரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு இரண்டரை வருடம். நாலு நாளில் வரச் சொன்ன இடத்துக்கு நான் இரண்டரை வருடம் போகவில்லை. இப்போது நண்டு சீசன், இப்போது மழை, இப்போது இன்ஜின் ரிப்பேர் என்று ஏதாவது ஒன்று எனக்குக் கிடைத்துக்கொண்டே இருந்தது. என் ரிப்போர்ட் இல்லாமல் மேற்கொண்டு மருந்து தர முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். அந்தம்மாவுக்கு வைத்தியமே தெரியவில்லை என்று திட்டிவிட்டு, அங்கே போவதை நிறுத்தினேன். என்னைப் பற்றி எதுவும் கேட்காத இடமாகத் தேடினேன். அதற்கு ஒன்றும் பஞ்சமில்லை.

காட்டூர்ப் பக்கம் ஒருவர் பெண்களுக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். பச்சிலையை அரைத்த உருண்டை, வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். அவள் விழுங்கிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். நான் சொம்பில் தண்ணீரோடு நிற்பேன். நாற்பது நாள் இப்படி நடந்தது. சொம்பை நீட்டிய கையோடு உண்மையையும் சொல்லியிருந்தால் அன்றோடு அந்த உருண்டை நின்றிருக்கும். அதற்குப் பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் தொப்புள் பக்கம் துளை போட்டு உள்ளே பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா, “எல்லாம் நல்லா கீதுனா ஏன் தங்கல?” என்று அவளிடமே கேட்டாள். அவள் வயிற்றில் போட்ட பிளாஸ்டரைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் வாசலில் செருப்பைத் தேடினேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால், காரணம் ரொம்பக் கேவலமானது. எங்கள் ஊரில் பிள்ளை இல்லாத பெரியவர் ஒருவர் இருந்தார். படகில் நாலு பேர் சேர்ந்தால் அவரைப் பற்றி என்னென்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியும். அவர் பொண்டாட்டியைப் பற்றியும் பேசுவோம். பேசியவர்களில் நானும் ஒருவன், சொல்லப்போனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன். அந்த வாய்கள் என் பக்கம் திரும்பும் என்ற பயம். அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு நான் அவளைத் தின்னக் கொடுத்தேன்.

பிறகு நானும் தம்பியும் சேர்ந்து புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கினோம். புதுப் படகை முதன்முதலில் தண்ணீரில் இறக்கும்போது எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படகுக்காரன் வீட்டுப் பெண் அதன் முன்முனைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிள்ளை பெற்ற கையாக இருக்க வேண்டும் என்பார்கள். வலை நிறைய வேண்டும் என்றால் நிறைந்த கை தொட வேண்டுமாம். மூத்தவன் நான் என்பதால் என் மனைவிதான் செய்ய வேண்டும். ஆனால் அம்மா தம்பி மனைவியைக் குளித்துவிட்டு வரச் சொன்னாள். தம்பிக்கு அப்போது ஒரு வயதில் பெண் குழந்தை.

என் மனைவி அதற்கும் முகம் சுளிக்கவில்லை. மஞ்சளை அவள்தான் அரைத்தாள். தட்டை அவள்தான் தூக்கிக்கொண்டு வந்தாள். தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பொட்டு வைத்து முடித்ததும், படகைத் தள்ள எல்லோரும் கை வைத்தார்கள். ஆண், பெண் எல்லோரும்தான் தள்ளுவோம். இவளும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பக்கவாட்டில் ஒரு ஓரமாகக் கையை வைத்தாள். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பக்கத்தில் நின்றிருந்தாள்.

“நீ வேணாம்மா. கைய எடு.”

பெரியம்மா அதட்டவில்லை. தணிந்த குரலில், குழந்தையிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அந்த நேரம் பார்த்து எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால், அது எல்லோருக்கும் கேட்டது. அவள் கையை எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையில் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் படகின் பின்பக்கம் இருந்தேன். அவள் பார்ப்பது தெரிந்தது. குனிந்து, இன்ஜினில் ஏற்கெனவே முடுக்கியிருந்த ஒரு நட்டை மறுபடியும் முடுக்கினேன். படகு இறங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அன்று நான் செய்தது பாவம். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த வாரம் பொன்னேரிக்குப் போனேன். இந்த முறை பெஞ்சில் யார் இருந்தார்கள் என்று பார்க்கவில்லை. அந்தப் பாத்ரூமுக்குள்ளேயே போய்க் கொடுத்துவிட்டு, நேராக டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என்னை ஆண்களுக்கான டாக்டரிடம் அனுப்பினார். விதைப்பையில் ரத்தக்குழாய்கள் முறுக்கிப் புடைத்திருக்கின்றன, அந்தச் சூட்டில் அணுக்கள் அழிந்துபோகின்றன என்று அந்த டாக்டர் விளக்கினார். என் உடம்பு பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். ரிப்போர்ட்டில் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

“இதுக்கு முன்னாடி எப்பவாவது எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார்.

சொன்னேன். ஐஸில் கை விட்ட அந்தப் பெரியவர் சொன்ன முழுதையும், மறு பாதி உட்பட, முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடினார்.

“அப்போ கொஞ்சமாவது இருந்திருக்கு. அப்பவே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாம், இருக்கறதை எடுத்துப் பத்திரப்படுத்தியிருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது, ஆனா வழி இருந்தது. இப்பவும் ஆபரேஷன் பண்ணலாம். ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதீங்க.”

மணலில் உட்கார்ந்து, வலையில் சிக்கிய நண்டுகளை அவள் கழற்றிக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். எதிரில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை நீட்டினேன். கை ஈரம் என்று அவள் வாங்கவில்லை, நீயே சொல்லு என்றாள். சொன்னேன். அன்று பெரியவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு நண்டின் காலைச் சுற்றியிருந்த நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

“நான் காட்டூர் மருந்து முழுங்கனப்போ உனக்குத் தெரியும்?”

“தெரியும்.”

“தொப்புளாண்ட ஓட்டை போட்டாங்களே, அப்போ?”

“தெரியும்.”

“படகாண்ட கைய எடுன்னாங்களே, அப்போ?”

“தெரியும்மே.”

அழுவாள் என்று நினைத்தேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், தாய் வீட்டுக்குப் போய்விடுவாள் என்றெல்லாம் பஸ்ஸில் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் நண்டைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்து கையைக் கழுவினாள்.

“எழுந்திரு. உங்கம்மாகிட்ட சொல்லு. எல்லாரும் கீறப்போ சொல்லு. நானும் வரேன்.”

கொட்டகையில் அம்மா, பெரியம்மா, தம்பி மனைவி, இன்னும் ஆறேழு பெண்கள் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன்.  திக்காமல் சொன்னேன். குறை எனக்குத்தான், அவளுக்கு ஒன்றும் இல்லை, அவளை இனிமேல் யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்றேன். காறித் துப்பப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். துப்பினால் தேவலை என்றுகூட இருந்தது.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

“போடா பைத்தியம். பொண்டாட்டிக்காக உன் தலைல நீயே மண்ணப் போட்டுக்குவியா?”

“நெசம்மா. ரிப்போர்ட்டு கீது.”

தம்பி மனைவி கல்லூரி வரை போனவள். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் படித்தாள். “அத்த, இதுல கம்மினுதான் போட்டுக்கீது” என்று மெல்லச் சொன்னாள்.

“தாளுல இன்னா வேணா எழுதுவாங்க. அப்பவே டெஸ்ட் எடுத்து ஒண்ணும் இல்லனு வந்துதே. இவன்தானே வந்து சொன்னான். ஊரு பூரா நான் சொன்னேனே.”

“அது பொய்ம்மா.”

“எதுடா பொய்யி? அதுவா, இதுவா?”

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.  என் பழைய பொய்யை அத்தனை பேரும் உறுதியாக நம்பினார்கள். உண்மைக்கு அங்கே இடமே இல்லை. பெரியம்மா எழுந்து வந்து என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள்.

“எங்க காலத்துல எவன் இப்புடி இருந்தான்? ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கினு போயிருப்பான். இவன் பழிய எடுத்துத் தன் மேல போட்டுக்கறான் பாரு. இன்னா புள்ள பெத்துக்கீறா என் தங்கச்சி.” பேசும்போதே அழுதுவிட்டாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ குடுத்து வெச்சவடி.”

அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னால் போனேன். வீட்டு வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“ஐஸுப் பெட்டியத் தூக்கிக்கினு வந்தியே, அன்னிக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பாங்க.”

ஆபரேஷன் செய்துகொண்டேன். டாக்டர் சொன்னபடிதான் ஆயிற்று, எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் என்னை விட்டுப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. நான் இன்னும் பலமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல என் மரியாதைதான் கூடியது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, இவரைப் போல ஒருவன் அமைய வேண்டும் என்று இப்போது என்னைக் காட்டிச் சொல்கிறார்கள். அவளை வைத்துக்கொண்டே சொல்கிறார்கள், அவளும் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.